எடைக்குப் போட்ட மாயாவி

எல்லிஸ் நகரிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கடிதம் நாலு பக்கம். அதில் மூன்று பக்கம் கணவரைப் பற்றிய புகார். மீதி ஒரு பக்கத்தில் என்னிடம் நியாயம் கேட்டிருக்கிறார். பெயரைப் போடக் கூடாது என்று இரண்டு தடவை அடிக்கோடு இட்டிருப்பதால் போடவில்லை.

விஷயம் இதுதான். கணவருக்கு வயது 58. வெற்றிலை பாக்குக்கூடப் போடாத மனுஷர். சீட்டாட்டம் கிடையாது, ஊர் சுற்றல் கிடையாது. பெண்ணைக் கட்டிக் கொடுத்தாயிற்று. இப்படிப்பட்டவருக்குப் போன மாதம் ஒரு பார்சல் வந்தது. பிரித்துப் பார்த்தால், உள்ளே ஒரு பழைய சித்திரக் கதைப் புத்தகம். பின் அட்டை கிடையாது. தாளெல்லாம் பழுப்பு. மூலையில் யாரோ மையைக் கொட்டியிருக்கிறார்கள். என்ன விலை என்று கேட்டதற்கு முதலில், "சும்மா கொடுத்தார்கள்" என்றாராம். அரை மணி கழித்து, "நூறு ரூபாய்" என்றாராம். கடைசியில் பாங்கிக் கணக்கைப் பார்த்தால் 1,800 ரூபாய்!

"மிக்ஸிக்கு ஒரு ஜார் வாங்கித் தரும்படி கேட்டு மூன்று மாதமாகிறது. அதற்குப் பணம் இல்லை. குழந்தைகள் படித்துவிட்டுக் கிழித்துப் போடுகிற பொம்மைப் புத்தகத்துக்கு இவ்வளவு பணம்! போகிக்கு ஒழிக்கிற சாமான்களோடு அலமாரியில் உள்ள அத்தனையையும் பழைய பேப்பர்க்காரரிடம் போட்டுவிடலாம் என்றிருக்கிறேன். நான் செய்வது தப்பா?" என்று கேட்கிறார்.

சகோதரி, அவர் பொய் சொன்னது தப்பு. மிக்ஸி ஜாரை வாங்கித் தராதது அதைவிடப் பெரிய தப்பு. இரண்டிலும் நான் உங்கள் கட்சி. ஆனால் பேப்பர்க்காரரைக் கூப்பிடுவதற்கு முன்னால் இதை ஒரு தடவை படித்துவிடுங்கள். நான் ஒரு தடவை கூப்பிட்டிருக்கிறேன்.

தெற்கு மாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் வீடு. 1972ல் என் தம்பிக்குப் பத்து வயது, எனக்குப் பதின்மூன்று. அந்த வருஷந்தான் சிவகாசியிலிருந்து 'முத்து காமிக்ஸ்' வெளிவரத் தொடங்கியது. சௌந்தரபாண்டியன் என்பவர் ஆரம்பித்தது. முதல் இதழே 'இரும்புக்கை மாயாவி'. சிவகாசி நமக்கு மைல், கிலோமீட்டர் என்று கணக்குப் பார்க்கிற தூரமா? பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் போய்விடலாம். தீப்பெட்டியும் பட்டாசும் காலண்டரும் வருகிற அதே ஊரிலிருந்து, அதே அச்சு யந்திரங்களின் வாசனையோடு, கதையும் வரத் தொடங்கியது. மதுரைப் பெட்டிக் கடைகளில் கயிறு கட்டி, வாழைத்தாருக்குப் பக்கத்தில் துணி உலர்த்துகிற மாதிரி தொங்கவிட்டிருப்பார்கள்.

மாயாவி யார் என்று தெரியாத இளைய சகோதரிகளுக்காகச் சொல்கிறேன். அவன் பெயர் லூயிஸ் கிராண்டேல். விபத்தில் வலது கையை இழந்தவன்; அதற்குப் பதில் இரும்புக் கை பொருத்தியிருக்கிறது. உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்து போவான்; இரும்புக் கை மாத்திரம் அந்தரத்தில் தெரியும். இங்கிலாந்தில் 'வேலியண்ட்' என்ற சிறுவர் பத்திரிகையில் 1962ல் ஆரம்பித்த கதை இது. படம் வரைந்தவர் ஹெசூஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பெயின் தேசத்துக்காரர். ஸ்பெயின்காரர் வரைந்து, இங்கிலாந்துக்காரர் எழுதி, சிவகாசியில் தமிழாகி, தெற்கு மாசி வீதிப் பையன் கைக்கு வந்து சேர்ந்தது! இதெல்லாம் அப்போது யாருக்குத் தெரியும்? மாயாவி எங்கள் ஊர்க்காரன் மாதிரிதான் பேசினான்.

என் தம்பி ஒரு நாள் பெட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு பிளக்கில் செருகப் போனான். மறைந்து பார்க்க வேண்டுமாம்! அம்மா அடுக்களையிலிருந்து பார்த்துவிட்டாள். கரண்டியோடு ஓடி வந்தாள். அன்றைக்குத் தம்பி உண்மையிலேயே சாயங்காலம் வரையில் கண்ணில் படவில்லை.

பள்ளிக்கூடத்துக்குப் பஸ்ஸுக்குக் கொடுத்த காசை மிச்சம் பிடித்து நடந்தே போவான். அந்தக் காசில்தான் புத்தகம். மாயாவி, லாரன்ஸ் - டேவிட், துப்பறியும் ஜானி நீரோ, அவருடைய காரியதரிசி ஸ்டெல்லா... வீட்டிலே கறிவேப்பிலை வாங்கி வரச் சொன்னால் மறந்துபோகிறவனுக்கு இந்தப் பெயர்கள் ஒன்றுகூட மறக்காது. மளிகைக் கடையில் கெஞ்சி வாங்கிய தீப்பெட்டி பண்டல் பெட்டி ஒன்று, மரத்தில் செய்தது. அதில் வரிசை நம்பர்படி அடுக்கியிருப்பான். ஒவ்வொன்றிலும் முதல் பக்கத்தில் பெயர், வகுப்பு, "படித்துவிட்டுத் திருப்பித் தரவும்." தெருப் பையன்களுக்கு ஐந்து பைசா வாடகை. பக்கத்து வீட்டுப் பையன் எண்ணெய்க் கையோடு புரட்டினான் என்பதற்காக அவனுக்கு ஒரு மாதம் தடை!

நானும் படித்தேன். இல்லையென்று சொல்வானேன்? பகலில், "இதென்னடா குப்பை!" என்று சொல்லிவிட்டு, அவன் தூங்கினபிறகு எடுத்துப் படிப்பேன். 'காற்றில் கரைந்த கப்பல்கள்' படித்துவிட்டு ராத்திரி கொல்லைப்பக்கம் போகப் பயந்தது எனக்கும் அம்மாவுக்கும் மட்டும் தெரியும்.

அதே பரணில் இன்னொரு சேகரமும் இருந்தது. அது அம்மாவுடையது. கல்கி பத்திரிகையில் 1950லிருந்து 1954 வரையில் 'பொன்னியின் செல்வன்' தொடராக வந்தபோது, வாரா வாரம் பக்கங்களைப் பிரித்தெடுத்து, மணியம் வரைந்த படங்கள் ஒன்றுகூட விடாமல் சேர்த்து, கோணி ஊசியால் தைத்து, பிறகு பைண்டரிடம் கொடுத்து, காலிகோ அட்டை போட்டு வைத்திருந்தாள். எங்கள் தெருவில் அதைப் படிக்காத பெண்பிள்ளை இல்லை. யாரிடம் எந்தப் பாகம் போயிருக்கிறது என்பதைப் பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வைப்பாள். குந்தவையின் படம் உள்ள ஒரு பக்கத்தை யாரோ கத்தரித்துக்கொண்டார்கள் என்று சாகிறவரையில் சொல்லிக்கொண்டிருந்தாள். உங்கள் அம்மாவோ பாட்டியோ இப்படிச் செய்யாதவர்களா? கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

1980ல் எனக்குக் கல்யாணம். தம்பி வெளியூரில் ஹாஸ்டலில் தங்கிக் காலேஜில் படித்துக்கொண்டிருந்தான். வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டும், பரணை ஒழிக்க வேண்டும். ஒழித்தது நான்தான். அம்மாவின் பைண்டுப் புத்தகங்களை ஒவ்வொன்றாகத் துடைத்து, புது மஞ்சள் துணியில் சுற்றி, மறுபடி மேலே வைத்தேன். தம்பியின் பெட்டியைத் தராசுக்குப் பக்கத்தில் கொண்டு போய்க் கவிழ்த்தேன். பேப்பர்க்காரர் ஒன்றைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பாப்பா, இது சின்ன சைஸு, பொட்டலம் மடிக்க ஆகாது, விலை குறையும்" என்றார். "பரவாயில்லை, எடுத்துக்கொள்ளுங்கள்" என்றேன். அந்தக் காசோடு வேறு பழைய பேப்பர் காசையும் சேர்த்து ஒரு எவர்சில்வர் தூக்கு வாங்கினேன். புகுந்த வீட்டுக்குக் கொண்டுபோகப் புதுச் சாமான்!

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் தம்பி வந்தான். பையை வைத்துவிட்டு நேரே பரணுக்கு ஏறினான். நான் கீழே மாவிலை கிள்ளிக்கொண்டிருந்தேன். மேலே கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. இறங்கி வந்து, "அக்கா, பெட்டி எங்கே?" என்றான். "சமையல்காரர்கள் தேங்காய் போட்டு வைக்க எடுத்துக்கொண்டார்கள்" என்றேன். அவன் பெட்டியைக் கேட்கவில்லை என்பது எனக்குத் தெரியாதா? அவனும் அதற்குமேல் கேட்கவில்லை. கை கால் கழுவிக்கொண்டு வந்து சாப்பிட்டான். பந்தலுக்கு வாழைமரம் கட்டினான். என்னைக் காரில் ஏற்றிவிட்டபோது கண் கலங்கினான். சண்டை போட்டிருந்தால் தேவலை. ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த நாற்பது வருஷமும் சொல்லவில்லை.

நான் ஒருத்திதான் இப்படிச் செய்தேன் என்றால் இந்தப் புத்தகங்களுக்கு இன்று இந்த விலை வந்திருக்காது. அதுதான் வேடிக்கை. தமிழ் நாட்டில் எத்தனை வீடு உண்டோ, அத்தனை வீட்டிலும் ஒரு அக்காளோ அம்மாவோ போகிக்கும் கல்யாணத்துக்கும் வீடு மாற்றுவதற்கும் பரணை ஒழித்திருக்கிறார்கள். அச்சான பிரதிகள் ஆயிரக்கணக்கு. பிழைத்தவை ஏதோ கொஞ்சம். உங்கள் கணவர் கொடுத்த 1,800 ரூபாயில் சரிபாதி நம்மைப் போன்றவர்கள் ஏற்றிவிட்டது!

கடல் கடந்த தேசத்திலும் இதே சங்கதிதான். அமெரிக்காவில் சூப்பர்மேன் கதை முதன்முதலில் 1938ல் வந்த புத்தகம் பத்து சென்ட் விலை. யுத்த காலத்தில் பழைய காகிதம் சேர்த்துக் கொடுக்கும்படி சர்க்கார் கேட்டது. பள்ளிப் பிள்ளைகள் வீடு வீடாகப் போய்க் கட்டுக் கட்டாகச் சேர்த்துக் கூழாக்கக் கொடுத்தார்கள். அதில் போனது போக, மிச்சத்தைத் தாய்மார்கள் ஒழித்தார்கள். ஆனால் ஒரு தாயார் ஒழிக்கவில்லை. அந்த அம்மாளும் அவளுடைய சகோதரனும் சின்ன வயசில் சேர்த்த புத்தகங்கள் சில, அட்டைப் பெட்டியில், பழைய செய்தித்தாளுக்கு அடியில், கலிபோர்னியாவில் வீட்டு மச்சில் கிடந்தன. "விலை மதிப்புள்ள புத்தகங்கள் என்னிடம் இருக்கின்றன" என்று பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டிருந்தாளே தவிர, எடுத்துக் காட்டியதில்லை. அவள் போனபிறகு, 2024ல் வீட்டைக் காலி செய்யும்போது மூன்று பிள்ளைகளும் கண்டெடுத்தார்கள். அதில் 1939ல் வந்த 'சூப்பர்மேன்' முதல் இதழ் இருந்தது. 2025 நவம்பரில் ஏலம் விட்டார்கள். 91 லட்சத்து 20 ஆயிரம் டாலர்! நம் ரூபாயில் சுமார் 80 கோடி.

அக்காளும் தம்பியுமோ, அண்ணனும் தங்கையுமோ, யாராயிருந்தால் என்ன? இந்தச் செய்தியைப் பத்திரிகையில் படித்த அன்று எனக்கு ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை. பணத்தை நினைத்து அல்ல.

ஆனால் சகோதரிகளே, உடனே ஏணியைத் தேடிக்கொண்டு பரணுக்கு ஓட வேண்டாம். நம் புத்தகங்களுக்குக் கோடியும் கிடையாது, லட்சமும் கிடையாது. முதல் வருஷங்களில் வந்த முத்து காமிக்ஸ் நல்ல நிலையில் இருந்தால் ஆயிரங்களில் பேசுவார்கள், பெரும்பாலானவை நூறுகளில்தான். வாங்குகிறவர்கள் கொஞ்சம் பேர். அவர்களுக்குள் இரண்டு பேர் ஒரே இதழுக்கு ஆசைப்பட்டால் விலை ஏறும். ஒருவருக்குக் கிடைத்துவிட்டால் மறுநாளே இறங்கும். "இது முதலீடு" என்று கணவர் சொன்னால் நம்பாதீர்கள். அவர் ஆசைக்குத்தான் வாங்குகிறார். அதை அவர் வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் வீட்டில் பாதிச் சண்டை குறையும்.

என் தம்பி இரண்டாம் தடவை ஆரம்பித்த கதைக்கு வருகிறேன். நடுவில் 1984ல் சிவகாசியிலிருந்தே 'லயன் காமிக்ஸ்' வந்தது. சௌந்தரபாண்டியனின் பிள்ளை விஜயன், இருபது வயது நிரம்புவதற்குள் ஆசிரியராக உட்கார்ந்துவிட்டார். முதல் இதழ் 'கத்தி முனையில் மாடஸ்தி'. கதாநாயகி ஒரு பெண் என்பதைக் கவனியுங்கள்! அதே 1984ல் 'ராணி காமிக்ஸ்' மாதம் இரண்டு என்று வரத் தொடங்கி, 2005 வரையில் வந்தது. ராணி காமிக்ஸில் காட்டில் வசிக்கிற முகமூடி வீரனுக்கு 'மாயாவி' என்று பெயர். முத்து காமிக்ஸ் வாசகர்களோ இரும்புக்கைக்காரன்தான் மாயாவி, முகமூடிக்காரர் வேதாளர் என்பார்கள். இந்த இரண்டு கட்சிக்காரர்களும் ஒரு கல்யாண வீட்டில் சந்தித்துவிட்டால் தாம்பூலம் வாங்குகிறவரையில் தகராறு தீராது. இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அந்தக் காலத்திலெல்லாம் தம்பி எதுவும் வாங்கவில்லை. குடும்பம், உத்தியோகம், இடமாற்றம். கொஞ்ச காலம் சோர்ந்திருந்த லயன் காமிக்ஸ், 2012 ஜனவரியில் சென்னைப் புத்தகக் கண்காட்சியில் புதுப் பொலிவோடு ஒரு சிறப்பு இதழைக் கொண்டுவந்தது. ஏதோ ஆபீஸ் வேலையாகச் சென்னைக்குப் போனவன் கண்காட்சிக்குள் நுழைந்திருக்கிறான். அன்றைக்குப் பிடித்தது! அங்கே நரைத்த தலையும் மூக்குக்கண்ணாடியுமாக ஒரு கூட்டம் நின்றுகொண்டு, "உங்களிடம் அந்த நம்பர் இருக்கிறதா?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருந்ததாம். இப்போது வருஷந்தோறும் ஈரோட்டுப் புத்தகத் திருவிழாச் சமயத்தில் இவர்கள் கூடுகிறார்கள். தம்பியும் போகிறான்.

திருமங்கலத்தில் வீடு கட்டிக்கொண்டு இருக்கிறான். அவன் அறுபதாம் கல்யாணத்துக்கு அடுத்த மாதம் போயிருந்தேன். தம்பி மனைவி என்னை அடுக்களைக்கு அழைத்துக்கொண்டு போய், "மதினி, நீங்களாவது உங்கள் தம்பியிடம் சொல்லக் கூடாதா? பேரன் எடுத்த வயசில் பொம்மைப் புத்தகம் வாங்குகிறார்!" என்று குறைப்பட்டாள். எனக்குப் புரையேறிவிட்டது. இந்த வியாஜ்யத்தில் முதல் குற்றவாளி அவள் எதிரிலே உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருக்கிறாள் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்?

மாடியில் ஒரு கண்ணாடி அலமாரி. திறந்து காட்டினான். எல்லாம் யார் யாருடையதோ பிரதிகள். முதல் பக்கத்தில் ஏதோ ஒரு பையனின் கையெழுத்து. "ஆறாம் வகுப்பு, ஆ பிரிவு". "திருடாதே, சாமி கண்ணைக் குத்தும்". இன்னொன்றில் வாடகைக்கு விட்ட ஏதோ கடையின் ரப்பர் முத்திரை. சோழவந்தான், உசிலம்பட்டி, விருதுநகர் என்று ஊர்ப் பெயர்கள். பெயர் எழுதியிருந்தால் விலை குறைவாம். ஆனால் தம்பி பெயர் எழுதியதைத்தான் பார்த்து வாங்குகிறான். "இந்தப் பையனுக்கும் ஒரு அக்கா இருந்திருப்பாள்" என்று ஒன்றைப் புரட்டிக்கொண்டே சொன்னான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். நான் கண்ணாடியைத் துடைக்கிற மாதிரி கொஞ்ச நேரம் திரும்பி நின்றேன்.

அடுத்த தடவை போகும்போது அந்தத் தூக்கிலே பால் பாயசம் கொண்டுபோனேன். நாற்பது வருஷமாய்ப் புளியிட்டுத் தேய்த்து வைத்திருந்தது. மேஜையில் வைத்து, "இது எதை விற்று வாங்கியது தெரியுமா?" என்று ஆரம்பித்தேன். முழுக்கச் சொல்ல விடவில்லை. "தெரியும். அம்மா அப்போதே சொல்லிவிட்டாள். நல்ல கனமான சரக்காகத்தான் பார்த்து வாங்கியிருக்கிறாய், அக்கா" என்றான். பாயசம் சாப்பிட்டோம். கிளம்புகிறபோது தூக்கைக் கேட்டேன், திருப்பித் தரவில்லை. கண்ணாடி அலமாரியில், முத்து காமிக்ஸ் வரிசைக்குப் பக்கத்தில் இப்போது அது இருக்கிறது.

சரி, உங்கள் வீட்டு வழக்குக்கு வருவோம். தம்பி மனைவியும் அவனும் கடைசியில் செய்துகொண்ட ஏற்பாட்டைச் சொல்கிறேன். உங்களுக்கு ஒத்துவந்தால் பாருங்கள். மாதம் இவ்வளவுதான் என்று ஒரு தொகை. மிஞ்சினால் அடுத்த மாதம். அலமாரி ஒன்றுதான், அது நிரம்பினால் ஒன்றைக் கொடுத்துத்தான் ஒன்றை வாங்கலாம். விலையை மறைக்கக் கூடாது. அதே தொகையை அவளும் தன் விருப்பத்துக்குச் செலவு செய்துகொள்வாள். அவன் கணக்குக் கேட்கக் கூடாது. அவள் அந்தப் பணத்தில் ரோஜாத் தொட்டி வாங்கி வாங்கி இப்போது மொட்டை மாடியில் கால் வைக்க இடமில்லை என்பது வேறு விஷயம்!

இன்னொன்றும் கணவரைக் கேளுங்கள். கதையைப் படிக்க ஆசையா, அந்தத் தாளைத் தொட ஆசையா? கதைதான் வேண்டுமென்றால் மாயாவி கதைகள் பல மறுபதிப்பாக வந்திருக்கின்றன. நல்ல தாளில், நியாயமான விலையில். மதுரையில் தமுக்கம் மைதானத்துப் புத்தகத் திருவிழாவுக்கு இருவருமாகப் போய்த் தேடுங்கள். பழசேதான் வேண்டுமென்றால் ஏமாறாமல் வாங்கத் தெரிய வேண்டும். ஜெராக்ஸ் எடுத்து, தைத்து, பழசு என்று தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. பழைய நியூஸ்பிரிண்ட் தாள் ஓரத்திலிருந்து உள்நோக்கிப் பழுப்பாகும். பின் துருப்பிடித்து, அதைச் சுற்றித் தாளில் கறை ஏறியிருக்கும். தாள் பழுப்பாயிருந்து பின் மட்டும் பளபளவென்று இருந்தால் ஏன் என்று கேளுங்கள். பின்னை மாற்றியிருக்கலாம், நடுப்பக்கம் போயும் இருக்கலாம். பணம் அனுப்புமுன் பக்கங்களை எண்ணிச் சொல்லச் சொல்லுங்கள். புடவை எடுக்கும்போது முந்தானையை விரித்துப் பார்க்காமல் வாங்குவோமா?

பாதுகாக்கிற விஷயத்தில் ஆண்களுக்கு ஒன்றும் தெரியாது. கிழிந்த இடத்தில் செல்லோ டேப்பை ஒட்டுவார்கள். பத்து வருஷத்தில் டேப் உதிர்ந்து, மஞ்சள் கறை மாத்திரம் நிரந்தரமாய் நிற்கும். லாமினேட் செய்கிறேன் என்பார்கள்; விடாதீர்கள். பைண்டு செய்தால் புத்தகம் பிழைக்கும், வாஸ்தவந்தான். ஆனால் பைண்டர் மூன்று பக்கமும் ஓரத்தை நறுக்கிவிடுவார். சேகரிக்கிறவர்களுக்கு அது ஆகாது. ரவிக்கைத் துணி போட்டு வருகிற கவர் இருக்கிறதே, கசக்கினால் மொடமொடவென்று சத்தம் போடுமே, அது நல்லது. வழவழவென்று மிருதுவாய், ஒருவிதமான நெடியோடு இருக்கும் பிளாஸ்டிக் உறை கூடாது. வெயில் காலத்தில் அட்டை மையோடு ஒட்டிக்கொள்ளும்.

மதுரைக் காற்று உலர்ந்த காற்று. கடலோர ஊர்களைப்போல் அவ்வளவு பூஞ்சணம் வராது. இங்கே சத்துரு வெயிலும் ராமபாணப் பூச்சியுந்தான். நியூஸ்பிரிண்ட் தாளில் மரச்சத்து கழியாமல் இருப்பதால், வெளிச்சமும் உஷ்ணமும் பட்டால் சீக்கிரம் அப்பளமாய் நொறுங்கும். ஆகையால் மொட்டை மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் அறையில் வைக்காதீர்கள். மேற்குச் சுவரை ஒட்டியும் வேண்டாம். தரையிலிருந்து நாலு அங்குலமாவது உயரத்தில் இருந்தால் கரையான் ஏறுவது கண்ணில் படும். வேப்பிலை போடுவதானால் சருகாய்க் காய்ந்தபிறகு துணியில் முடிந்து மூலையில் போடுங்கள். புத்தகத்துக்குள் செருகினால் பச்சைக் கறை பிடிக்கும். கொலு பொம்மைகளை இறக்குகிறோமே, அந்தச் சமயத்தில் வருஷம் ஒரு தடவை இவற்றையும் இறக்கித் தட்டி வைத்தால் போதும்.

போகிக்கு ஒழிக்கிற மற்ற சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. சித்திரக் கதை மாத்திரந்தான் பார்க்க வேண்டும் என்பதில்லை. 1947லிருந்து வந்த அம்புலிமாமா இருக்கலாம். விக்கிரமன் தோளில் வேதாளத்தைச் சுமந்துகொண்டு வாளோடு நடக்கிற படம் நினைவிருக்கிறதா? அதை வரைந்த சங்கர் 2020ல் காலமானார். அந்தப் பத்திரிகையும் இப்போது வருவதில்லை. 1964லிருந்து 1990 வரையில் வெளிவந்த இந்திரஜால் காமிக்ஸ், பாட்டி தைத்து வைத்த தொடர்கதை, எது அகப்பட்டாலும் முதலில் அது யாருடையது என்று பாருங்கள். உயிரோடு இருப்பவருடையதாக இருந்தால் அவரை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடைக்குப் போடுங்கள். அவரே போடச் சொன்னால் தாராளமாகப் போடலாம். எல்லாவற்றையும் சேர்த்து வைத்தால் நாம் எங்கே படுப்பது?

முன்னெல்லாம் மீனாட்சி கோவிலுக்கு எதிரே புது மண்டபத்தில் பள்ளிப் புத்தகம் வாங்கப் போகிறபோது, பழைய புத்தகக் குவியலுக்குள் கைவிட்டுத் தேடலாம். அந்தக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. நானும் விடுவதாக இல்லை; கோவிலுக்குப் போகிறபோதெல்லாம் எங்கே பழைய புத்தகம் கண்டாலும் நின்று விசாரிக்கிறேன். கடைக்காரர்கள், "பேரனுக்கா, அம்மா?" என்கிறார்கள். "தம்பிக்கு" என்கிறேன்.

அவனுக்கு இன்னும் 'பாம்புத் தீவு' கிடைக்கவில்லை. மறுபதிப்பு வேண்டாமாம், முதலில் வந்ததுதான் வேண்டுமாம். உங்கள் வீட்டுப் பரணில் அகப்பட்டால் இந்தப் பத்திரிகையின் விலாசத்துக்கு எனக்கு ஒரு கார்டு போடுங்கள். அட்டை கிழிந்திருந்தாலும் சரி, கடைசிப் பக்கம் இல்லாவிட்டாலும் சரி. முடிவு அவனுக்கு மனப்பாடம்.